போனவர் துரோகி அல்ல

“காசைக் கண்டதும் ஓடிவிட்டான்.” “சோறு போட்ட அணிக்கே துரோகம் செய்துவிட்டான்.” ஒரு வீரர் அணி மாறுகிறார் என்ற செய்தி வந்த சில நிமிடங்களில் இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்துவிடுகின்றன. ரவீந்திர ஜடேஜா 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸை விட்டு ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போனபோது இதைக் கேட்டோம். ஹார்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பியபோது, 2024 தொடர் முழுக்க மைதானம் மைதானமாகக் கேட்டோம். 2000-ல் லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது ஸ்பெயின் கேட்டது. ஊரும் மொழியும் ஆட்டமும் வேறு. தீர்ப்பு மட்டும் ஒன்றுதான். அந்தத் தீர்ப்பு தவறு. பலர் சேர்ந்து சொல்வதால் அது நியாயமாகிவிடாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். ரசிகருக்கு அணி என்பது வெறும் கம்பெனி இல்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சென்னையின் சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. மஞ்சள் சட்டை போட்ட ரசிகர்கள் சென்னையிலிருந்து சிறப்பு ரயில் ஏறிப் புனேவுக்குப் போய் விசில் அடித்துவிட்டு வந்தார்கள். இப்படிப் பொழுதையும் காசையும் தூக்கத்தையும் கொடுப்பவர் பதிலுக்குக் கேட்பது ஒன்றைத்தான்: நான் நிலையாக நிற்கிறேன், நீயும் நில். வீரருக்குக் கோடிகள் வருவதே ரசிகர் பார்ப்பதால்தான். வீரர்கள் நினைத்தபோது சட்டை மாற்றினால் யாரை நம்பிக் கொண்டாடுவது? விசுவாசம் போனால் மிஞ்சுவது வியாபாரம். ஆகவே போகிறவரைக் கண்டிக்க ரசிகருக்கு உரிமை உண்டு; அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் விளையாட்டில் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கிறது.

இது அற்பமான வாதமில்லை. இதன் அடியில் இருக்கும் அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்பிலிருந்து ‘துரோகி’ என்ற முடிவுக்கு வரும் வழியில் ஒவ்வொரு படியும் பிசகுகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

1. முடிவெடுத்தவர் யார்?

ஒருவரைத் துரோகி என்று சொல்ல வேண்டுமானால், வேறு மாதிரி நடந்துகொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஐபிஎல் வீரருக்கு அது எவ்வளவு இருக்கிறது? ஏலத்துக்குப் பெயர் கொடுக்கிறார், அடிப்படை விலையைச் சொல்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது. எந்த மேசையிலிருந்து கடைசிக் கை உயர்கிறதோ அந்த ஊருக்கு அவர் போக வேண்டும். “எனக்குச் சென்னைதான் வேண்டும்” என்று சொல்ல ஏலத்தில் இடமில்லை. எந்த அணிக்காவது போக மறுத்தால் விளைவு உண்டு. 2024 இறுதியில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி 6.25 கோடிக்கு எடுத்த இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025 தொடரிலிருந்து விலகினார். அவருக்கு இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

இந்தப் பாடத்தைத் தன் உடம்பில் படித்தவர் ஜடேஜா. 2008-ல் முதல் ஐபிஎல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் 19 வயதுப் பையன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடாமல் வேறொரு அணியுடன் பேசினார் என்பதற்காக 2010 தொடர் முழுவதும் அவர் ஆட முடியாதபடி தடை விதித்தார்கள். எங்கே வேலை செய்வது என்று தானே பேசிப் பார்த்ததற்கு ஓராண்டு தண்டனை! 2011-ல் கொச்சி அணி வாங்கியது. அந்த அணியே கலைக்கப்பட்டது. 2012 ஏலத்தில் சென்னை வாங்கியது. அவர் சென்னைக்கு வந்ததும் அவர் தேர்வில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

“ஆனால் பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டுமே” என்பார்கள். வேண்டும்தான். “உன்னை மாற்றிக்கொள்ள நாங்கள் தயார்” என்று அணி சொன்ன பிறகு கேட்கப்படும் சம்மதம் அது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லாத குறையாகச் சொன்ன வீட்டில் எவ்வளவு நாள் உட்கார்ந்திருக்க முடியும்? இரண்டு நிர்வாகங்கள் பேசி, கணக்குப் போட்டு, தாள்களைத் தயார் செய்த பிறகு கடைசியாகக் கையெழுத்துப் போடுபவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

2. விசுவாசம் யாருக்கு மட்டும் கடமை?

சுரேஷ் ரெய்னாவை ‘சின்னத் தல’ என்று அழைத்த ஊர் இது. 2008-லிருந்து சென்னைக்கு ஆடியவர். 2021 முடிவில் அந்த அணிக்காக ஐபிஎல்லில் அதிக ரன் குவித்தவர் அவரே. 2022 பிப்ரவரியில் பெங்களூரில் மெகா ஏலம் நடந்தது. அடிப்படை விலை 2 கோடி. பெயர் வாசிக்கப்பட்டது. சென்னை மேசையில் கை உயரவில்லை. வேறெந்த மேசையிலும் உயரவில்லை. விலைபோகாத வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கிரிக்கெட்டிலிருந்தே ஓய்வை அறிவித்தார்.

கிரிக்கெட் கணக்கில் அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். வயது, ஆட்டத்திறன், அணியின் தேவை என்று நிர்வாகம் காரணம் சொல்லும்; நாமும் ஏற்றுக்கொள்வோம். வருத்தப்பட்டோம், இரண்டு நாள் புலம்பினோம், பிறகு மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போனோம். அணியின் சின்னத்தை யாரும் தெருவில் போட்டுக் கொளுத்தவில்லை. 2023 கோப்பையில் பங்காற்றிய மதீஷ பதிரானாவை 2025 நவம்பரில் சென்னை விடுவித்தது. அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. அதற்கும் காரணம் இருந்திருக்கும்.

அணி ஒரு வீரரை அனுப்பினால் அது ‘திட்டம்’. வீரர் ஓர் அணியை விட்டுப் போனால் ‘துரோகம்’. ஒரே செயலுக்கு இரண்டு பெயர். பலம் உள்ளவரிடம் காரணத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். பலம் குறைந்தவரிடம் கற்பைக் கேட்கிறோம். விசுவாசம் என்பது இரு தரப்புக்கும் பொதுவான அறமாக இருந்தால் இரண்டு தரப்பையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். ஒருவரை மட்டும் கட்டும் கயிற்றுக்கு அறம் என்று பெயர் கிடையாது.

3. வந்தவர் தங்கம், போனவர் துரோகியா?

அணி மாறுவது பாவம் என்றால் சென்னையின் கோப்பை அலமாரியில் பாதி பாவத்தின் சம்பளம். டுவைன் பிராவோ எங்கிருந்து வந்தார்? மும்பை இந்தியன்ஸிலிருந்து. அம்பட்டி ராயுடு? மும்பைக்காக மூன்று கோப்பைகளை வென்ற பிறகு சென்னைக்கு வந்து இன்னும் மூன்றில் பங்கெடுத்தார். ஹர்பஜன் சிங்? அவரும் மும்பையின் நீண்டநாள் ஆள்தான். தமிழில் பதிவு போட்ட நாளிலேயே அவரைத் தத்தெடுத்துக்கொண்டோம். 2018 இறுதியாட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 117 அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்த ஷேன் வாட்சன் ராஜஸ்தானின் செல்லப் பிள்ளையாக இருந்து, பெங்களூர் வழியாக இங்கே வந்தவர்.

இவர்களில் யாரையாவது “நீ முன்பிருந்த ஊருக்குத் துரோகம் செய்தவன், உன்னை நம்பமாட்டோம்” என்று சொன்னோமா? ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போன அதே பரிமாற்றத்தில்தான் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அறிவிப்பு ஒன்று, நாள் ஒன்று, கையெழுத்தும் ஒரே விவகாரத்துக்கு. அதில் ஒருவரைக் குற்றவாளியாகவும் மற்றவரை மாப்பிள்ளையாகவும் பார்க்க முடிகிறது என்றால் நாம் அறத்தைப் பேசவில்லை. நமக்கு வந்த லாபத்தையும் நட்டத்தையும் பேசுகிறோம். லாப நட்டத்தைப் பேசுவதில் தவறில்லை. அதற்கு அற முலாம் பூசுவதுதான் தவறு.

4. ‘மண்ணின் அணி’ என்ற வாதம் எங்கே இடிக்கிறது?

“இது வெறும் ஒப்பந்தமில்லை, மண்ணோடு உள்ள உறவு” என்பது அடுத்த வாதம். எந்த மண்? சென்னை தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய தோனி ராஞ்சிக்காரர். ரெய்னா உத்தரப் பிரதேசம். ஜடேஜா சௌராஷ்டிரம். பிராவோ டிரினிடாட். இவர்கள் வெளியிலிருந்து வந்ததால்தான் நமக்குக் கிடைத்தார்கள். வெளியிலிருந்து வர முடிந்தவரால் வெளியே போகவும் முடியும். வருகையைக் கொண்டாடிவிட்டுப் புறப்பாட்டை மட்டும் குற்றமாக்க முடியாது.

மண்ணின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றும் பாருங்கள். சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக் டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத் லயன்ஸ், கொல்கத்தா என்று ஆறு அணிகளுக்கு ஆடினார். சென்னைக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்ட நடராஜன் பஞ்சாப், ஹைதராபாத், டெல்லி என்று போனார். அஸ்வின் 2015 வரை சென்னையில் ஆடி, அதன் பிறகு புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றி, 2025-ல்தான் மஞ்சள் சட்டைக்குத் திரும்பினார். அந்த ஆண்டே ஐபிஎல்லுக்கு விடைகொடுத்தார். மண்ணோடு உள்ள உறவுதான் அளவுகோல் என்றால் இந்த மூவரையும் இழந்ததற்கு நாம் யார்மீது கோபப்பட்டிருக்க வேண்டும்? படவில்லை. ஏலம் அப்படித்தான் என்று சும்மா இருந்தோம். அப்படியானால் ஏலம் அப்படித்தான் என்பது ஜடேஜாவுக்கும் பொருந்தும்.

5. “எல்லாம் பணத்தாசை” என்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

ஜடேஜா விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு தொடங்கும் முன்பே விழுந்துவிடுகிறது. சென்னையில் அவர் விலை 18 கோடி. ராஜஸ்தானுக்கு 14 கோடிக்குப் போனார். நான்கு கோடி குறைவாக வாங்கிக்கொண்டு போனவரைப் பேராசைக்காரர் என்று அழைக்க எந்தக் கணிதம் உதவும்?

சரி, அதிகப் பணத்துக்காகவே ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன குற்றம்? மகன் முப்பது சதவீதம் கூடுதல் சம்பளத்துக்குக் கம்பெனி மாறினால் தெருவுக்கே இனிப்புக் கொடுக்கும் தகப்பன், அதே காரியத்தைச் செய்த பந்துவீச்சாளரைத் திட்டுகிறார். “அதுவும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டால் ஒன்றில்லைதான், வீரரின் நிலை இன்னும் மோசம். மகன் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பிடித்த இடத்துக்குப் போகலாம். 58 வயது வரை உழைக்கலாம். வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பு இருப்பதே பத்துப் பன்னிரண்டு வருடம். முழங்காலில் ஒரு கிழிசல் விழுந்தால் அதுவும் இல்லை. அந்தச் சில வருடங்களில் சம்பாதிப்பதே மிச்ச ஆயுளுக்கு.

பணம் உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமா? 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது; ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். 2025-ல் ஓர் அணி தன் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு, ஆட்ட ஊதியம் உட்பட, 146 கோடி. பத்து அணிக்கும் 1,460 கோடி. விளம்பரதாரர் பணம், டிக்கெட் வருமானம் எதையும் சேர்க்காமல் ஒளிபரப்புப் பணத்தோடு மட்டும் ஒப்பிட்டாலே ஆறில் ஒரு பங்கு தேறவில்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் வீரர்களுக்கு மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி போகிறது. அங்கே வீரர்களுக்கு வலுவான சங்கம் இருக்கிறது. இந்தியாவில் 2019-ல் அமைந்த கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும். இன்று களத்தில் நிற்பவருக்காகப் பேச ஆளில்லை. பேராசை என்ற சொல்லை எறிவதற்கு முன் அது எந்தப் பக்கம் போய் விழ வேண்டும் என்று யோசிக்க வேண்டாமா?

6. “அந்தக் காலத்து ஆட்கள் அப்படியா?”

அந்தக் காலத்து ஆட்கள் ஓர் அணியிலேயே கிடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் விசுவாசம் இல்லை. வெளியே போகும் கதவு பூட்டியிருந்தது. அமெரிக்க பேஸ்பால் லீக்குகளில் ஒரு விதி இருந்தது: ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர்மீது அணிக்குள்ள உரிமை முடியாது. அணி நினைத்தால் விற்கலாம். வீரர் நினைத்தால் ஆட்டத்தை விட்டுத்தான் போகலாம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு தொடர்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவரைக் கேட்கவில்லை. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1970 தொடர் முழுவதும் ஆடாமல் உட்கார்ந்தார். கைக்கு வந்த பெரிய சம்பளத்தை விட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவர் ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவர் தட்டிய கதவு 1975-ல் வேறு இருவருக்காகத் திறந்தது.

ஃபிளட்டுக்கு ரசிகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல வசையும் மிரட்டலும். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் அணியை விட்டுப் போக விரும்பியவர் இல்லை, தங்க விரும்பியவர். வெளியேற்றப்படுவதை எதிர்த்தவருக்கும் அதே வசைதான் கிடைத்தது. ஆகவே ரசிகர் கோபம் விசுவாசத்தைக் காக்கும் காவல்காரன் என்ற பேச்சு செல்லாது. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்க முயலும் வீரர் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் கோபம் அவரைத்தான் தேடிப்போகிறது.

ஐரோப்பியக் கால்பந்திலும் இதே கதை. பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மானுக்கு 1990-ல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவருடைய லியேஜ் அணி புது ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் கால்வாசியாகக் குறைத்தது. டன்கர்க் என்ற பிரெஞ்சு அணிக்குப் போகவும் விடவில்லை. ஐந்து ஆண்டுகள் வழக்காடினார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய வீரர் சுதந்திரமாகப் போக முடிவது அவரால். அவருக்கோ ஆட வேண்டிய வயது வழக்கிலேயே கழிந்துபோனது. பழைய காலத்தின் ‘விசுவாசம்’ இப்படிப்பட்ட மனிதர்களின் இழப்பின்மேல் நின்றது. அதை நினைத்து ஏங்குகிறவர்கள் எதற்கு ஏங்குகிறோம் என்று தெரிந்து ஏங்கட்டும்.

7. “டிக்கெட் வாங்கியவனுக்குத் திட்ட உரிமை உண்டு.”

எதிரணி வீரரைச் சீண்டுவதும் அவர் அவுட் ஆனால் துள்ளிக் குதிப்பதும் ஆட்டத்தின் பகுதி. அதில் எனக்கு வழக்கில்லை. 2024-ல் ஹார்திக்குக்கு நடந்தது அதுவா? அகமதாபாத்தில் முதல் ஆட்டம். டாஸ் போட வந்தபோதே ஊளை. ஆட்டத்தின் நடுவே ஒரு நாய் மைதானத்துக்குள் ஓடியது. அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. ஏப்ரல் 1 அன்று அவருடைய சொந்த மைதானமான வான்கடேயில், டாஸ் நடத்திய சஞ்சய் மஞ்ச்ரேக்கர் “ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்” என்று ரசிகர்களிடம் சொல்ல வேண்டிவந்தது. சில நாள் கழித்து அதே அரங்கில் எதிரணியான பெங்களூரின் விராட் கோலி, நிறுத்துங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சைகை செய்தார்.

ஹார்திக் செய்த குற்றம் என்ன? 2015-ல் மும்பை அவரை 10 லட்சத்துக்கு எடுத்தது. 2022-க்கு முன் தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டது. குஜராத்துக்குத் தலைவராகப் போனார். முதல் ஆண்டே கோப்பை, அடுத்த ஆண்டு இறுதியாட்டம். பிறகு மும்பை அவரை விலைகொடுத்துத் திரும்ப வாங்கி, ஐந்து கோப்பைகளை வென்ற ரோகித் சர்மாவை விலக்கிவிட்டுத் தலைமைப் பதவியைக் கொடுத்தது. ரோகித்தை விலக்கியது நிர்வாகம். அறிவித்தது நிர்வாகம். ஊளை கேட்டது ஹார்திக்குக்கு. நிர்வாகத்தார் அதே அரங்கத்தின் நல்ல இருக்கைகளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு குரல் எழவில்லை.

அந்தத் தொடரில் மும்பை கடைசி இடம். ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம். வெறியாட்டம் ஆடிக்கொண்டிருந்த கிளாசனை வீழ்த்தியவர் ஹார்திக். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் தேவை. பந்து ஹார்திக் கையில். முதல் பந்திலேயே மில்லர் எல்லைக்கோட்டில் சூர்யகுமாரிடம் பிடிபட்டார். இந்தியா 7 ரன்னில் வென்றது. ஜூலை 4 அன்று வான்கடேயில் பாராட்டு விழா. அதே அரங்கம் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தது.

மூன்று மாதத்தில் என்ன மாறியது? அவர் அணி மாறிய செய்கை அப்படியேதான் இருந்தது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜெயித்தார், அவ்வளவுதான். ஜெயித்ததும் கரைந்துபோகும் கோபம் அறத்தின் கோபமாக இருக்க முடியாது. அப்படியென்றால் அந்த மூன்று மாதமும் ஒரு மனிதர் எதற்காக அதை அனுபவித்தார்? டிக்கெட் ஆட்டம் பார்க்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஒரு மனிதரை நாயோடு சேர்த்துக் கூவும் உரிமையை எந்த டிக்கெட்டும் கொடுப்பதில்லை.

8. “தானாகவே, அதுவும் எதிரியிடம் போனவர்?”

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சி ஃபிகோ. அவரை யாரும் ஏலத்தில் விடவில்லை. தங்குவேன் என்று பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். பிறகு பார்சிலோனாவின் ஜென்மப் பகையான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், ஏறக்குறைய 6.2 கோடி யூரோ, அன்றைய உலகச் சாதனை. 2002 நவம்பரில் அவர் கேம்ப் நூ மைதானத்தில் கார்னர் அடிக்கப் போனபோது பன்றித் தலையே வந்து விழுந்தது.

சொன்ன சொல்லை மீறியதற்காக ஃபிகோவைக் கண்டிக்கலாம். அது நியாயமான கண்டனம், நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் அது பொய்க்கான கண்டனம், புறப்பாட்டுக்கானது இல்லை. இவ்வளவு கொடுத்தால் இவர் போகலாம் என்று ஒப்பந்தத்தில் விலை எழுதி வைத்தது பார்சிலோனா நிர்வாகம். அந்த விலை வந்தது, ஆள் போனார். அந்தப் பணம் பார்சிலோனாவின் கணக்கில்தான் சேர்ந்தது. விலைச்சீட்டு எழுதியவருக்குத் துரோகப் பட்டம் கிடையாது. சீட்டு ஒட்டப்பட்டவருக்குப் பன்றித் தலை.

லெப்ரான் ஜேம்ஸ் இன்னொரு சாட்சி. 2010 ஜூலையில் தன் சொந்த மாநில அணியான கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அறிவித்த விதம் ரசிகரைப் புண்படுத்தியது, உண்மை. கிளீவ்லாந்து தெருக்களில் அவர் சட்டைகள் எரிந்தன. அணியின் உரிமையாளரே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். நான்கு ஆண்டு கழித்து அதே உரிமையாளர் அதே வீரரோடு ஒப்பந்தம் போட்டார். 2016-ல் அந்த ஊருக்கு 52 ஆண்டுகளில் முதல் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அந்தத் ‘துரோகி’தான். தீ மூட்டிய ரசிகர்களுக்குக் கிடைத்தது சாம்பல். உரிமையாளருக்கு வீரரும் கிடைத்தார், கோப்பையும் கிடைத்தது.

9. இந்தக் கோபம் யாருக்குப் பயன்படுகிறது?

கடைசிக் கேள்வி இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். வீரரைத் திட்டும் வரை நிர்வாகத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏன் விடுவித்தீர்கள், ஏன் மாற்றினீர்கள், என்ன கணக்கு என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்காமல் தப்பிக்கிறார்கள். பேரம் பேச வரும் வீரருக்கு “வெளியே போனால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள்” என்ற பயமே நிர்வாகத்தின் இலவச ஆயுதம். நம் தொண்டையில் எழும் கூச்சல் உரிமையாளரின் கைத்தடியாகிறது.

உண்மையான நம்பிக்கை மோசடி நடந்தபோது நாம் என்ன செய்தோம் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகத் தரப்பைச் சேர்ந்தவர் பந்தயம் கட்டியதற்காக 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை அணியை இரண்டு ஆண்டு இடைநிறுத்தியது. ரசிகர்களின் நம்பிக்கையோடு விளையாடியது யார்? வீரர்களா? தோனி புனேவுக்கும் ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் லயன்ஸுக்கும் போக வேண்டிவந்தது அவர்கள் செய்த பிழையாலா? அணியை நாம் மன்னித்தோம். 2018-ல் திரும்பி வந்தபோது கண்ணீரோடு வரவேற்றோம். அத்தனை பெரிய மனசு அணிக்கு உண்டு என்றால், ஒரு கையெழுத்துப் போட்டதற்காக ஒரு வீரருக்கு ஏன் இல்லை?

நாம் கேட்கும் விசுவாசத்தை நாமே காட்டினோமா என்பதும் கேட்கப்பட வேண்டும். 2023 தொடரின்போது ஜடேஜா வெளிப்படையாகவே சொன்னார்: தான் முன்வரிசையில் இறங்கினால், அடுத்து தோனி வர வேண்டும் என்பதற்காகத் தான் அவுட் ஆவதையே ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று. சொந்த அணியின் ஆள் அவுட் ஆனதும் சொந்த அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் அகமதாபாத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது மோகித் சர்மாவை ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்தவர் அவர்தான்.

ரசிகர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகமில்லை. பிடித்த வீரர் போனால் வருத்தப்படுங்கள். வருத்தம் அன்பின் உரிமை. கோபம் வந்தால் முடிவெடுத்தவரிடம் காட்டுங்கள்: ஏன் அனுப்பினீர்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். வீரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று பேச்சு வந்தால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். போனவர் வேறு சட்டையில் எதிரே வந்து நிற்கும்போது, அவர் தோற்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுங்கள். களத்துக்குள் நுழையும்போது ஒருமுறை எழுந்து நின்று கைதட்டிவிட்டு ஆசைப்படுங்கள்.

ஜடேஜா சென்னைக்காக 12 தொடர்கள் ஆடினார். மூன்று கோப்பைகளில் அவருக்குப் பங்குண்டு. வாங்கிய சம்பளத்துக்கு உழைத்துவிட்டார், அதற்கு மேலும் கொடுத்துவிட்டார். கணக்கு தீர்ந்தது. அவர் நமக்கு எந்தக் கடனும் வைத்துவிட்டுப் போகவில்லை.